ஒரு விரல் இடம்

“இஞ்சாரும், கொஞ்சம் தளர்த்தும்.”

வள்ளத்தின் அடியில் விரித்த சாக்கின்மேல் கிடந்தபடி என் கணவர் கேட்டார். அவருடைய வலது கால் என் மடியில் இருந்தது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே நான் போட்ட கட்டு. அதற்குக் கீழே கால் வீங்கி, நாவற்பழ நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது.

“ஏலாது” என்றேன்.

“ஒரு சொட்டுத் தளர்த்தினாக் காணும்.”

“கரை தட்டட்டும். பேசாமல் படுங்கோ.”

கொஞ்ச நேரம் கழித்து இன்னொருமுறை கேட்டார். அதற்கும் ஏலாது என்றேன். மூன்றாம் முறை கேட்டபோது நான் கடலைப் பார்த்துக்கொண்டு செபமாலையை உருட்டினேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

இந்தப் பத்திரிகைத் தொடரில் இதை எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். கலியாணம், சமையல், மாமியோடு பட்ட சண்டை என்று சிரிக்கச் சிரிக்க எழுதிக்கொண்டு வந்தவள் நான். சில வாரங்களுக்கு முன் இதில் வந்த எங்கள் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். “உங்கள் கணவரின் செருப்பு நுனியிலிருந்து காலுக்கு ஒரு வார் போகிறதே, அது என்ன புது மோஸ்தரா?”

மோஸ்தர்தான் தங்கச்சி. அந்த மோஸ்தர் வரக் காரணமானவளே நான்தான். கேளுங்கள்.

முள்

நாங்கள் அப்போது நெடுந்தீவில் இருந்தோம். நான் ஊர்காவற்றுறைப் பெண். கலியாணம் முடித்து வந்து எட்டு மாதம். என் கணவர் மரியதாஸ் சிறு வலைக்காரர். அவருடைய சிநேகிதன் சூசையின் வள்ளத்தில் இரண்டு பேரும் பங்குக்குத் தொழில் செய்தார்கள்.

அன்று காலை கரையோரத்தில், இடுப்பளவு தண்ணீரில் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். திருக்கை மீன் மணலுக்குள் உடம்பைப் புதைத்துக்கொண்டு கிடக்கும். அதனால் எங்கள் ஆட்கள் தண்ணீருக்குள் காலைத் தூக்கி வைக்கமாட்டார்கள், அரக்கி அரக்கித்தான் நடப்பார்கள். கால் பட்டால் அது விலகிப் போய்விடும். அன்று வலை எதிலோ சிக்கியது. அதை எடுக்க இவர் அவசரத்தில் ஒரேயொரு எட்டுத் தூக்கி வைத்தார்.

திருக்கை வாலைச் சுழற்றி அடித்தது. கணுக்காலுக்கு மேலே முள் ஏறி இறங்கிவிட்டது.

சூசை அவரைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்துக்கு வந்தபோது நான் குசினியில் மீன் அரிந்துகொண்டிருந்தேன். இவர் அழுத சத்தம் படலைக்கு வருமுன்னரே கேட்டது. எட்டு மாதத்தில் அந்த மனிசன் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வெற்றுக் காலோடு முற்றத்தில் ஓடினேன். கையிலிருந்த கத்தியை எங்கே போட்டேன் என்றே தெரியவில்லை.

மாமியின் அறைக் கதவுக்குப் பின்னால் உலர்ந்த திருக்கைவால் ஒன்று தொங்கும். அந்தக் காலத்தில் வாத்திமாரும் பொலிசாரும் ஆட்களுக்கு அடிக்க வைத்திருந்த சாமான். மாமி அதால் ஒருவரையும் அடித்ததில்லை; காட்டுவதோடு சரி. இரவு சாப்பாட்டுக்கு வராத பேரப்பிள்ளைகளுக்கு அது ஒரு மணி மாதிரி. அன்று மாமி அதைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்துவிட்டு மீன் இனத்தையே திட்டினா.

நைலோன் வந்த காலம்

முள் குத்தினால், பாம்பு கடித்தால், எங்கள் பக்கத்தில் முதல் வேலை கட்டுப் போடுவது. நஞ்சு மேலே ஏறக்கூடாது. அதற்கு ஒரு முறையும் இருந்தது. வீட்டில் யாருடைய முடிச்சு நம்பிக்கையோ அவர்தான் கட்ட வேண்டும். கரை தட்டி மருந்துக்காரரிடம் போகும்வரை அவிழ்க்கக் கூடாது. அவிழ்ப்பதானாலும் கட்டின கைதான் அவிழ்க்க வேண்டும். வேறு கை பட்டால் நஞ்சு ஓடிவிடும் என்பார்கள்.

அந்த முற்றத்தில் ஆறேழு பேர் நின்றார்கள். எல்லாருடைய கண்ணும் என்மேல்தான்.

ஏனென்று சொல்ல வேண்டும். அந்த நாட்களில்தான் வலைக்குப் பருத்தி நூல் போய் நைலோன் வந்தது. உக்காது, பாரமில்லை, எல்லாம் நல்லதுதான். ஆனால் முடிச்சு வழுகும். பருத்தியில் முப்பது வருடம் பழகின கைகள் நைலோனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. இன்னும் ஒரு சுற்று விட்டு, ஈரத்தோடு இழுத்து, பல்லால் ஒருதரம் இறுக்கினால் அந்த முடிச்சு உலகம் அழிந்தாலும் வழுகாது என்று கண்டுபிடித்தவள் நான். கலியாணத்துக்கு முந்தியே கண்டுபிடித்துவிட்டேன். “திரேசாவின்ர முடிச்சு” என்று அதற்குப் பெயரே இருந்தது. எனக்கு அதில் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

வலை நூலை நாலாக மடித்தேன். முழங்காலுக்குக் கீழே இரண்டு சுற்று. பிறகு என் முடிச்சு. பல்லால் இறுக்கினேன். அவருடைய காலில் என் நெற்றி முட்டியது இன்றைக்கும் நினைவிருக்கிறது. உப்பும் சேறும் மணந்தது.

“நல்ல கட்டு” என்று யாரோ சொன்னார்கள்.

எங்கள் தீவில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி ஐயா தங்கையின் கலியாணத்துக்கு அக்கரை போயிருந்தார். ஆட்களை ஏற்றும் லோஞ்சும் காலையிலேயே போய்விட்டது. சூசையின் வள்ளத்தில் பாயை விரித்து ஊர்காவற்றுறைக்கு வெளிக்கிட்டோம். வாடைக் காற்று நேரே முகத்தில் அடித்தது. சூசை வள்ளத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பி ஓட்டினான். மத்தியானம் ஒரு மணி ஆனது, இரண்டு மணி, மூன்று மணி. கரை கண்ணில் தெரிகிறது, கிட்ட வருகிறதில்லை. என் ஊர்தான், கோயில் கோபுரம்கூடத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நான் செபம் செய்தது கட்டு வழுகக்கூடாது என்று.

வழுகவில்லை. பொழுது சாயும் நேரம் ஆஸ்பத்திரி மர வாங்கில் அவரைக் கிடத்தியபோதும் அது போட்ட மாதிரியே இருந்தது. அவிழ்க்கக் குனிந்த என்னைக் கையால் விலக்கிவிட்டு, டாக்குத்தர் கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டினார். முடிச்சை ஒன்றும் செய்ய முடியாமல் அதற்குப் பக்கத்தில் வெட்டினார்.

“இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் காலையே எடுத்திருக்கவேணும்” என்று சொல்லிக்கொண்டே வெட்டினார். நஞ்சைப் பற்றிச் சொல்கிறார் என்று நான் நினைத்தேன்.

தொங்கின பாதம்

மூன்றாம் நாள் வீக்கம் வடிந்தது. முள் குத்தின காயம் ஒரு உளுந்தளவுதான். கட்டிலை விட்டு இறங்கி நடக்கச் சொன்னார்கள். அவர் எழும்பினார். இடது காலை வைத்தார். வலது காலைத் தூக்கினார். பாதம் அப்படியே முன்னால் தொங்கியது. பெருவிரல் நிலத்தில் இடறி, என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“விறைச்சுப்போய்க் கிடக்கு. சரிவரும்” என்றார்.

சரிவரவில்லை. யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். அங்கே நரைத் தலை டாக்குத்தர் ஒருவர், ஒரு ஊசியும் ஒரு துண்டுப் பஞ்சும் வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் காலைத் தடவிப் பார்த்தார். உள்ளங்காலில் குத்தினால் இவருக்குத் தெரிந்தது. பாதத்தின் மேற்புறத்தில் குத்தினால் தெரியவில்லை. கீழ்க்காலின் வெளிப்பக்கத்திலும் தெரியவில்லை. பாதத்தைக் கீழே அழுத்தச் சொன்னால் அழுத்தினார். மேலே தூக்கச் சொன்னால் நெற்றி வியர்த்தது, பாதம் அசையவில்லை.

இவரைச் சாரத்தைச் சரியாக்கச் சொல்லிவிட்டு, டாக்குத்தர் என்னை விறாந்தைக்குக் கூப்பிட்டார்.

“உம்மட முழங்காலுக்குக் கீழ, வெளிப்பக்கத்தில ஒரு எலும்பு முண்டு இருக்கு. தடவிப் பாரும்.”

சேலைக்கு மேலால் தடவினேன். இருந்தது. நீங்களும் தடவிப் பாருங்கள், இருக்கும்.

“அதைச் சுத்திக்கொண்டு ஒரு நரம்பு போகுது. தோலுக்கு அடியிலதான், பாதுகாப்பு ஒண்டும் இல்லை. பாதத்தை மேல தூக்கிறது அந்த நரம்பாலதான். இவருக்கு நஞ்சு ஒண்டும் செய்யேல்லை அம்மா. கட்டின கயிறு ஏழெட்டு மணித்தியாலம் அதை எலும்போட வைச்சு நசிச்சிருக்கு. கட்டினது ஆர்?”

என் நாக்கு எனக்கு முந்திக்கொண்டது.

“அங்கை நிண்ட சனம், ஐயா.”

“அந்தச் சனத்துக்குச் சொல்லும். திருக்கை முள்ளுக்குக் கட்டே வேண்டாம். தாங்கக்கூடிய சூட்டில தண்ணியில காலை வைச்சிருந்தா நோ குறையும், பிறகு ஆறுதலாக் கொண்டு வரலாம். கேக்கமாட்டம், கட்டத்தான் போறம் எண்டு நிண்டால், ஒரு விரல் போக இடமாவது விட்டுக் கட்டச் சொல்லும்.”

“கால் திரும்பி வருமோ ஐயா?”

“நரம்பு மயங்கிக் கிடக்குதெண்டால் சில கிழமையில முழிக்கும். அறுந்த மாதிரிப் போயிருந்தால் மேல இருந்து திரும்ப வளரவேணும். மாதத்துக்கு ஒரு விரல் அகலம் வளர்ந்தாலே பெரிய காரியம். பாப்பம்.”

உள்ளே வந்தோம். இவரிடம் டாக்குத்தர் சுருக்கமாகச் சொன்னார்: “நரம்பு பழுதாப் போயிருக்கு. தினம் துவாயாலை பாதத்தை மேல இழுத்து இழுத்து விடவேணும், இல்லாட்டி இறுகிப்போடும்.” வெளியில் நாற்பது பேர் நின்றார்கள். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

பஸ்ஸில் இவர் என் காதோடு சொன்னார்: “பாத்தீரே, நஞ்சு நரம்புக்குள்ள இறங்கிட்டுது. நீர் மட்டும் கட்டாமல் விட்டிருந்தால் நெஞ்சுக்கு ஏறியிருக்கும்.”

நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். பண்ணைக் கடல் பளபளவென்று கிடந்தது. அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

மாதாவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி

வெட்டின கயிற்றை இவர் ஆஸ்பத்திரியிலேயே கேட்டு வாங்கிப் பைக்குள் வைத்திருந்தது எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்த அன்றே மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்து அதைத் தொங்கவிட்டார். என் முடிச்சு அப்படியே இருந்தது.

வந்தவர் போனவர் எல்லாருக்கும் காட்டினார்.

“என்ர மனிசி போட்ட கட்டு. இதாலதான் நான் உயிரோட கதைச்சுக்கொண்டிருக்கிறன்.”

அவர் கதைப்பதைக் கேட்டு நான் குசினிக்குள் போய்விடுவேன். அடுப்பை ஊதுவேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தாலும் ஊதுவேன்.

கடலுக்குப் போக முடியவில்லை. ஒருநாள் போனார், வள்ளத்தின் குறுக்குப் பலகையில் பெருவிரல் இடறித் தண்ணீருக்குள் விழுந்தார். சூசைதான் தூக்கி எடுத்தான். பிறகு வீட்டில் இருந்து கிழிந்த வலை பொத்தத் தொடங்கினார். வலை பொத்துகிறவர் காலை நீட்டி, வலையைப் பெருவிரலில் கொழுவி இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் ஊசி ஓட்டுவார். இவர் கொழுவுவார். விரல் மடங்கி வலை கழன்று விழும். திரும்பக் கொழுவுவார். திரும்ப விழும். எழும்பிப் போய்க் கதவு நிலையில் கட்டிவிட்டு வந்து இருப்பார்.

நடக்கும்போது முழங்காலை உயர்த்தி உயர்த்தி வைப்பார். பாதம் நிலத்தில் ‘சப்’ என்று விழும். முற்றத்தில் எங்கே நிற்கிறார் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். 

துவாய் போட்டுப் பாதத்தை இழுத்து விடும் வேலையை நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை. காலையில் நூறு, பின்னேரம் நூறு. விடிந்ததும் முதல் வேலை போர்வையை விலக்கி விரல்களைப் பார்ப்பது.

“என்னப்பா, கோழி முட்டை இட்டிட்டுதோ எண்டு பாக்கிற மாதிரி என்ர காலைப் பாக்கிறீர்” என்பார்.

“தூக்கிப் பாருங்கோ ஒருக்கா.”

“நேத்துத் தூக்காதது இண்டைக்குத் தூக்குமே?”

கட்டுத் தழும்பிலிருந்து பெருவிரல் வரைக்கும் என் விரலால் அளந்து வைத்திருந்தேன். இருபத்தெட்டு விரல். மாதத்துக்கு ஒன்று. நரம்பு இப்போது எங்கே வந்து நிற்கும் என்று ஒவ்வொரு மாதத்து முதல் வெள்ளியும் மனதுக்குள் ஒரு விரலை நகர்த்துவேன். நரம்பு அறவே வளராமல் தழும்பிலேயே நின்றுவிட்டதோ என்று அடுத்த நாளே பயம் வரும்.

ஒருநாள் அவர் சுருட்டுக் குடித்துக்கொண்டு சூசையோடு கதைத்துக்கொண்டிருந்தார். எனக்கு மயிர் பொசுங்குகிற மணம் வந்தது. ஓடிவந்து பார்த்தால் சுருட்டுத் தணல் பாதத்தின்மேல் விழுந்து கிடக்கிறது. அவர் சிரித்துச் சிரித்துக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் தட்டிவிட்டுக் கத்தினேன். அவர் குனிந்து பார்த்தார். அப்போதுதான் முதல்முறையாக அவருடைய முகத்தில் பயத்தைக் கண்டேன். அதற்கு நான்தானே காரணம் என்று நினைத்தபோது செத்துவிடலாம் போல இருந்தது.

அயலில் எனக்கு நல்ல பெயர். “திரேசா மாதிரி ஒரு பெண்சாதி கிடைக்கக் குடுத்து வைச்சிருக்கவேணும்.” கோயிலில் எனக்கு இடம் விட்டார்கள். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன், கோபம், பொறாமை, மாமிக்கு எதிர்த்துப் பேசினது என்று சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு எழும்பி வந்தேன். சுவாமியார் பாவம், மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார்.

அதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன். மேற்குக் கரையிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள், அந்த முடிச்சைப் பழக. பிறகு சூசையின் தமக்கை பிலோமினா வந்தா. மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். காட்டிக் கொடுத்தேன். மூன்று பேருக்கும் என் கையாலேயே காட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து கரையில் யாராவது சத்தமாகக் கூப்பிட்டால் படலைக்கு ஓடிப்போய்ப் பார்ப்பேன்.

பிலோமினா போட்ட கட்டு

எட்டு மாதம் போனது. ஒரு காலை நேரம். முற்றத்தில் இவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். குசினியில் உலை கொதிக்கிறது, அரிசி இன்னும் போடவில்லை. படலையில் சனம் கூடின சத்தம்.

இரண்டு பேர் சூசையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். திருக்கை முள். வலது கால். முழங்காலுக்குக் கீழே நாலாக மடித்த நைலோன். என் முடிச்சு.

பிலோமினா அழுதுகொண்டு வந்தா. “திரேசா, வழுகாமல் இருக்கோ எண்டு ஒருக்காப் பாரும். காணாட்டி இன்னும் ஒரு இழுவை இழுத்து விடும். வள்ளம் நிக்குது, ஊர்காவற்றுறைக்குக் கொண்டு போறம்.”

சூசை என்னைப் பார்த்து, “நல்லா இறுக்கிவிடுங்கோ அக்கா” என்றான்.

இவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். “ஓமோம், அவள் பாக்கட்டும்” என்றார். அந்தக் குரலில் இருந்த பெருமையை நான் எப்படி எழுதுவேன்!

குனிந்து கட்டைப் பார்த்தேன். பிலோமினா நல்ல கெட்டிக்காரி. நான் போட்டதைவிட நேர்த்தியாகப் போட்டிருந்தா. அதற்குக் கீழே கால் நிறம் மாறத் தொடங்கியிருந்தது.

குசினிக்குள் போய் மீன் வெட்டுகிற கத்தியை எடுத்து வந்தேன். கட்டுக்கு அடியில் கத்தி முனையை விட்டு ஒரே இழுவையில் அறுத்தேன்.

“ஐயோ! எடி, என்னடி செய்யிறாய்?” பிலோமினா என் கையைப் பிடித்தா. “இன்னும் கரை தட்டேல்லை!”

“திரேசா!” இவர் கத்தினார். “விசரே உமக்கு?”

“கட்டக் கூடாது” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன். “கட்டக் கூடாது. இவற்ற கால் நஞ்சாலை விழேல்லை. நான் போட்ட கட்டாலைதான் விழுந்தது. யாழ்ப்பாணத்து டாக்குத்தர் சொன்னவர். நான் ஒருதருக்கும் சொல்லேல்லை.”

பிலோமினா பிடித்திருந்த என் கையை விட்டா.

இவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அடுத்த வேலை ஓடியிருக்காது. உலைத் தண்ணீரைச் சருவத்தில் ஊற்றி, பச்சைத் தண்ணீர் கலந்து, என் முழங்கையை விட்டுச் சூடு பார்த்தேன். சூசையின் காலை அதற்குள் வைத்தேன். அவன் துள்ளினான். பிறகு மெல்ல மெல்ல அவனுடைய முனகல் குறைந்தது. மாமி ஒன்றும் கேட்காமல் அடுப்பில் இன்னொரு பானை தண்ணீர் வைத்தா. ஆற ஆற ஊற்றினோம்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் காலைத் தூக்கித் துடைத்தேன். 

“சூசை, பெருவிரலை மேல தூக்கு.”

“நோகுது அக்கா.”

“நோகட்டும். தூக்கு.”

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். விரல் தூக்கியது. பாதமும் தூக்கியது. நான் அந்த ஈரக் காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

எனக்குப் பின்னால் ‘சப்… சப்…’ என்ற சத்தம் படலையைத் தாண்டிப் போனது.

மூன்று தரம்

மூன்று நாள் அவர் என்னோடு கதைக்கவில்லை. சாப்பிட்டார், துவாய்க்குக் காலை நீட்டவில்லை. மாமி மாத்திரம் ஆணியிலிருந்த கயிற்றைக் கழற்றி அடுப்பில் போட்டா. நைலோன் எரிந்த மணம் வீடெல்லாம் நின்றது. “உன்ர இடத்தில நான் நிண்டிருந்தாலும் கட்டித்தான் இருப்பன்” என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னா. மாமி எனக்காகப் பேசின முதல் வார்த்தை அது.

நாலாம் நாள் அவர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

“வள்ளத்தில நான் கேட்டனான், என்ன?”

“ஓம்.”

“மூண்டு தரம் கேட்டனான்.”

“ஓம்.”

“அது பரவாயில்லை. அப்ப உமக்குத் தெரியாது. நானெண்டாலும் அவிழ்த்திருக்கமாட்டன்.” வெறும் ஆணியைப் பார்த்தார். “ஆனா இந்த எட்டு மாதம்? நான் அந்தக் கயித்தை ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரியேக்குள்ள நீர் பாத்துக்கொண்டு நிண்டனீரே?”

“பயம்” என்றேன். “நீங்கள் என்னை வெறுத்துப் போடுவியள் எண்டு பயம்.”

 வெறுக்கவில்லை என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் அதைச் சொல்லவில்லை.

அடுத்த மாதம் யாழ்ப்பாணத்துக்குப் போனோம். டாக்குத்தர் ஊசியால் குத்திப் பார்த்தார். பாதம் கொஞ்சம் தூக்கத் தொடங்கியிருந்தது, பாதி அளவு. பெருவிரல் அசையவில்லை. “இவ்வளவுதான் வந்திருக்கு. மிச்சம் வந்தாலும் வரும், வராமலும் விடும்” என்று நேராகவே சொன்னார். (பெருவிரல் கடைசிவரை வரவில்லை.) ஒரு கடதாசியில் படம் கீறித் தந்தார்: செருப்பு நுனியில் ஒரு வளையம், கணுக்காலுக்கு மேலே ஒரு தோல் பட்டி, இரண்டுக்கும் நடுவில் பாதத்தைத் தூக்கிப் பிடிக்க ஒரு வார். முழங்காலுக்குக் கிட்டப் பட்டி போகக்கூடாது என்று இரண்டு தரம் சொன்னார்.

பிறகு என்னைப் பார்த்தார். “கட்டின சனத்துக்குச் சொன்னீரோ?”

நான் வாயைத் திறக்குமுன் இவர் சொன்னார்.

“சொல்லியாச்சு ஐயா. எல்லாருக்கும் சொல்லியாச்சு.”

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் செருப்புத் தைக்கிற ஒருவர் ஒரு மணித்தியாலத்தில் அதைத் தைத்துக் கொடுத்தார். சுக்கான் பிடிக்கிறதுக்கு ஒன்றரைக் கால் காணும் என்று சூசை சொல்லிவிட்டான். தன் வள்ளத்தில் அந்த இடத்தை இவருக்கு விட்டுத் தந்தான்.

திரும்பக் கடலுக்குப் போகும் முதல் நாள் விடியப்புறம். இவர் கதிரையில் இருந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டார். தோல் பட்டியைக் கையில் எடுத்தார். அவருக்குக் குனிய முடியும், கட்டவும் முடியும். ஆனால் அதை என் பக்கம் நீட்டினார்.

“கட்டும்” என்றார்.

“என்னாலை ஏலாது.”

“கட்டும்.”

அவர் முன்னால் நிலத்தில் இருந்து அந்தக் காலை மடியில் எடுத்து வைத்தேன். கட்டுத் தழும்பு முழங்காலுக்குக் கீழே வெள்ளையாகக் கிடந்தது. கணுக்காலுக்கு மேலே பட்டியைச் சுற்றினேன். உள்ளே என் சுட்டுவிரலை வைத்தேன். விரலை எடுக்காமலே பட்டியை இழுத்து முடிச்சுப் போட்டேன். கண்ணீர் அவருடைய பாதத்தில் விழுந்தது. அது அவருக்குத் தெரிந்திருக்காது.

“இறுகுதோ?” என்று கேட்டேன்.

வெளியே சூசை கூப்பிட்டான். இவர் அசையவில்லை. என்னைப் பார்த்தபடியே இருந்தார்.

“கொஞ்சம் தளர்த்தும்” என்றார்.

அது இறுகவில்லை. என் விரல் இன்னும் உள்ளேதான் இருந்தது.

தளர்த்தினேன்.